வேலி நின்ற இடமா, உறுதியில் எழுதிய பேர்ச்சா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தாயாரின் ஒரு ரூட் (40 பேர்ச்) வளவை 1994 இல் தாயாரே இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதியை அக்காவுக்கும் மேற்குப் பாதியை இவருக்கும் சீதனமாக உறுதி எழுதிக் கொடுத்தார். இரண்டு உறுதியிலும் விஸ்தீரணம் 20 பேர்ச். நடுவில் பூவரசும் கிளுவையும் நட்ட கதியால் வேலி. அக்கா தன் பங்கைப் பின்னர் மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். இப்போது அந்த மகளின் கணவர், அதாவது இவருடைய மருமகன், வேலியைப் பிடுங்கிவிட்டு, தாம் கூட்டி வந்த அளவையாளரின் பிளானைக் காட்டி, மூன்றரை அடி இவர் பக்கம் தள்ளி மதிலுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கி மூன்று கிழமை ஆகிறது. இவரும் வேறோர் அளவையாளரை அழைத்து அளந்தார். பழைய வேலி வரைக்கும் அளந்தால் தம் பக்கம் 18.7 பேர்ச்தான் இருக்கிறது என்பதால், அக்கா வீட்டார் முன்னமே வேலியை நகர்த்தித் தம் காணியை எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார். மதிலை எப்படி நிறுத்துவது, குறைந்த பேர்ச்சை எப்படி மீட்பது, யாரிடம் போவது என்பவை அவருடைய கேள்விகள். இரண்டு பிளானிலும் உள்ள அளவுகளை அவர் ஒழுங்காக எழுதி அனுப்பியிருப்பதால் ஓரளவு திட்டமாகப் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் மதில். எல்லை எங்கே என்று தீர்மானிக்க மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். மதில் எழும்ப ஒரு கிழமை போதும். எழும்பிய மதிலை இடிக்கச் சொல்ல நீதிமன்றம் எளிதில் முன்வராது. இடிப்பதால் ஒருவருக்கு வரும் நட்டம் மற்றவருக்குக் கிடைக்கும் நன்மையை விட மிகப் பெரிது என்று தெரிந்தால், இடிப்பதற்குப் பதிலாக நட்டஈடு கொடுக்கச் சொல்லவும் கூடும். ஆகவே கல் வைக்கும் முன்னர் அசைய வேண்டும். இன்றே நீங்கள் செய்யக்கூடியது படம் எடுப்பது. பிடுங்கிய கதியால்களின் அடிக்கட்டைகள், வேர் நின்ற குழிகள், வேலிக் கம்பி சுற்றியிருந்த தென்னை, அத்திவாரக் கிடங்கு, கிணற்றுக்கும் கிடங்குக்கும் இடைப்பட்ட தூரம் எல்லாவற்றையும் திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பழைய வேலி ஓடிய கோட்டை நாளை ஓர் அளவையாளர் தரையில் கண்டு பிளானில் குறிக்க வேண்டுமானால் அவருக்கு மிஞ்சியிருக்கும் தடயம் அந்தக் கட்டைகள்தான். மருமகன் அவற்றைத் தோண்டி எரித்துவிட்டால் பிறகு வாய்ச் சாட்சி மட்டுமே மிஞ்சும்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. காணி யாருடையது என்று பொலிஸார் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் காணித் தகராறால் சமாதானம் குலையும் நிலை இருக்குமானால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் அவர்கள் நீதிமன்றத்துக்கு அறிக்கை செய்யலாம். அவர்கள் செய்யாவிட்டால், பிணக்கில் சம்பந்தப்பட்ட நீங்களே சட்டத்தரணி ஒருவர் மூலம் சத்தியக் கடதாசியுடன் நேரடியாக அந்த நீதிமன்றத்துக்குப் போகவும் அதே பிரிவு இடம் தருகிறது. அங்கே உறுதியை ஆராய்ந்து உரிமை தீர்க்கப்படுவதில்லை. காணி இப்போது யார் கையில் இருக்கிறது, அண்மையில் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்ற இரண்டும்தான் பார்க்கப்படும். இதில் ஒரு கால எல்லை உண்டு, அதை நீங்கள் தவறவிடக் கூடாது. அறிக்கை தாக்கலாகும் திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்கள் ஆட்சியிலிருந்த நிலம் பலவந்தமாகப் பறிக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்ப உங்கள் கையில் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். இரண்டு மாதம் கடந்துவிட்டால், அந்த மூன்றரை அடியும் மருமகன் கையில் இருப்பதாகவே அந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மூன்று கிழமை ஏற்கெனவே போய்விட்டது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிவிட்டோம் என்ற ஆறுதலில் பலர் இந்த இரண்டு மாதத்தைக் கடக்க விடுகிறார்கள். முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்ட திகதி இங்கே கணக்கில் வராது, நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கலான திகதிதான் வரும்.

அத்துடன் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மதிலுக்கு அனுமதி கேட்கப்பட்டதா, எந்தப் பிளானை வைத்துக் கேட்கப்பட்டது என்று விசாரியுங்கள். எல்லைப் பிணக்கு இருப்பதாக எழுத்தில் அறிவித்துவிட்டால், சபை அனுமதி கொடுக்கும் முன் யோசிக்கும்.

இனி உங்கள் மனதை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் 18.7 பேர்ச்சை மட்டும் பார்த்தால் களவு போனது போலத்தான் தெரியும். ஆனால் மருமகனின் பிளானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருடைய அளவையாளர் பழைய வேலி வரை அளந்து குறித்திருப்பது 18.6 பேர்ச். உங்களுக்கும் குறைகிறது, அவர்களுக்கும் குறைகிறது, அதுவும் ஏறத்தாழ ஒரே அளவில். வேலியை நகர்த்தி ஒருவர் எடுத்திருந்தால் ஒரு பக்கம் குறைந்து மறு பக்கம் கூடியிருக்க வேண்டும். இரண்டும் குறைந்திருந்தால், குறை வளவுகளுக்கு நடுவில் ஏற்படவில்லை. வளவுக்கு வெளிப்புறத்தில் எங்கோ ஏற்பட்டிருக்கிறது.

கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 40 பேர்ச் ஒரு ரூட். 4 ரூட் ஓர் ஏக்கர். தாயாரின் ஒரு ரூட் 10,890 சதுர அடி. நீங்கள் அனுப்பியபடி இரு வளவுகளின் மொத்த முகப்பு 92 அடி. 92 அடி முகப்பில் ஒரு ரூட் வர வேண்டுமானால் நீளம் 118 அடிக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். இரண்டு பிளானும் இப்போது காட்டும் நீளம் 110 அடி சொச்சம். எட்டு அடி குறைகிறது. அந்த எட்டு அடியை 92 அடி முகப்பால் பெருக்கினால் 736 சதுர அடி, அதாவது 2.7 பேர்ச். உங்கள் 18.7 ஐயும் அவர்களின் 18.6 ஐயும் கூட்டினால் 37.3, நாற்பதுக்குக் குறைவது அதே 2.7. முன்னால் ஓடிய ஒழுங்கையைச் சுனாமிக்குப் பிறகு அகலமாக்கிக் கொங்கிரீட் வீதி போட்டார்கள் என்று நீங்களே கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வீதிக்கு இரு வளவும் விட்டுக்கொடுத்த நிலம்தான் குறைகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைப்பது அரிது. பிரதேச சபையில் அந்த வீதி விஸ்தரிப்பு ஆவணங்களைப் பார்த்தும், எதிர்ப்பக்கத்து வளவுகளின் பழைய உறுதிகளோடு ஒப்பிட்டும் இதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது மருமகன் கேட்கும் மூன்றரை அடியைப் பாருங்கள். மூன்றரை அடியை 110 அடி நீளத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1.4 பேர்ச். அவருடைய 18.6 உடன் அதைச் சேர்த்தால் சரியாக 20. அவருடைய அளவையாளர் தரையில் எந்தப் பழைய எல்லையையும் கண்டுபிடித்து அந்தக் கோட்டைப் போடவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. உறுதியில் 20 என்று எழுதியிருப்பதை நிரப்பும் வரைக்கும் கோடு உங்கள் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. அதே முறையில் உங்கள் 20 ஐ நிரப்பப் புறப்பட்டால் கோடு மறுபக்கம் அவ்வளவு தூரம் போகும். வீதிக்குப் போன நிலத்தை அயலாரின் வளவிலிருந்து ஈடுசெய்ய இருவரில் எவருக்கும் உரிமை இல்லை. நீங்கள் உங்கள் அக்கா வீட்டாரைச் சந்தேகித்ததும் அவர்கள் உங்களைச் சந்தேகித்ததும் ஒரே குறையைக் கண்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருமகனை எதிரியாக நினைக்கும் முன்னர் இந்தக் கணக்கை அவருக்குக் காட்ட ஒருவர் முயல வேண்டும்.

சட்டமும் பெரும்பாலும் இந்தப் பக்கமே நிற்கிறது. உறுதியில் எல்லைகள் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்து, அந்த எல்லைகளைத் தரையில் ஐயமின்றிக் காட்டவும் முடியுமானால், எழுதப்பட்ட விஸ்தீரணம் அதற்குப் பொருந்தாவிட்டாலும் எல்லைகளே மேலோங்கும். விஸ்தீரணம் பிழையான வர்ணனையாகவே கொள்ளப்படும். பழைய உறுதிகளில் பலவற்றில் நிலம் அளக்கப்படாமலே விஸ்தீரணம் எழுதப்பட்டது. முழத்திலும் பாகத்திலும் சொல்லப்பட்டதைப் பின்னால் உறுதி எழுத வந்த நொத்தாரிசு ரூட்டாகவும் பேர்ச்சாகவும் மாற்றி எழுதியதும் உண்டு. ஆகவே உங்கள் உறுதியின் அட்டவணையை எடுத்து, பேர்ச் எண்ணை மறந்துவிட்டு, கிழக்கு எல்லையாக என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘கிழக்கு: வேலி, அதற்கப்பால் இன்னாரின் பங்கு’ என்றிருந்தால் உங்கள் நிலை பலமானது. வெறுமனே ‘இன்னாரின் பங்கு’ என்று மட்டும் இருந்தாலும், மேற்குப் பாதி, கிழக்குப் பாதி என்ற சொற்களும், 1994 முதல் நின்ற வேலியும் சேர்ந்து உங்களுக்குத் துணை நிற்கும்.

ஆனால் ‘பிரிவுபடாத அரைப் பங்கு’ என்ற சொற்றொடர் அதில் இருந்தால் எல்லாம் மாறிவிடும். இதைக் கட்டாயம் பாருங்கள். அப்படி எழுதியிருந்தால் நீங்கள் இருவரும் சட்டப்படி அயலார் அல்லர், முழு ரூட்டுக்கும் கூட்டுரிமையாளர். நடுவில் நின்ற வேலி வசதிக்காகப் போட்ட வேலியாகவே முதலில் கருதப்படும். கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி மற்றவருக்காகவும் நடக்கும் ஆட்சி என்பது 1911 இல், அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த நாளிலிருந்து இந்நாட்டில் நிலைத்த விதி. மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கிய செயல் ஒன்றைக் காட்டினாலன்றி, வெறும் காலக் கணக்கு உதவாது. அந்த நிலையில் எல்லைப் பிணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இருவரும் இணங்கினால் பிளான் வரைந்து பிரிவிடல் உறுதி முடிக்கலாம். இணங்காவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். சீதனமாகப் பிரித்துக் கொடுத்த தாய்மார் பலருடைய உறுதிகளில் இந்தச் சொற்றொடர் இருக்கக் கண்டிருக்கிறேன். கொடுத்தவரின் மனதில் இரண்டு தனி வளவுகள் இருந்தன. பிளான் இல்லாததால் எழுதியவர் பாதுகாப்பாகப் பிரிவுபடாத பங்கு என்று எழுதிவிட்டார்.

இதற்குப் பின்னால் எங்கள் பகுதியின் வழக்கம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு வளவு பெண்வழியே இறங்குகிறது. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். இப்பகுதியின் பழைய மரபுச் சட்டமான முக்குவர் சட்டம் இன்று நீதிமன்றத்தில் நடைமுறையில் இல்லாவிட்டாலும் அதன் வழக்கம் குடும்பங்களில் வாழ்கிறது. தாயின் வளவு மகள்மாருக்கு, அவர்களின் பங்கு அவர்களின் மகள்மாருக்கு என்று இரண்டு மூன்று தலைமுறை பிரிந்தால், காத்தான்குடி, மருதமுனை, கல்முனை போன்ற நெருக்கமான ஊர்களில் ஐந்து, ஆறு பேர்ச்சில் வந்து நிற்கிறது. வெளியூர்களில் எல்லைத் தகராறு அயலவரோடு வரும். இங்கே அது உடன்பிறந்தவளோடும் அவள் மருமகனோடும் வருகிறது. தாய் உயிரோடிருக்கும் வரை அவர் கைகாட்டிய இடம் எல்லை. அவர் போன பின்னர், அந்த வீட்டுக்கு வாழ வந்த ஆண்பிள்ளைக்கு அந்தக் கைகாட்டல் தெரியாது, உறுதியில் உள்ள எண் மட்டுமே தெரியும். உங்கள் மருமகனின் நடத்தையை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் எதை நம்பி இதைச் செய்கிறார் என்று தெரிந்தால் அதற்கேற்பப் பேசலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அளவையாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன். அளவையாளர் அளப்பார், உரிமையைத் தீர்க்கமாட்டார். 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க அளவைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற, உரிமம் உள்ள அளவையாளர் ஒப்பமிட்ட பிளானுக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் ஒருவர் தனியாக அழைத்து, தன் பக்கத்து உறுதியை மட்டும் காட்டி, இதுதான் என் எல்லை என்று நடந்து காட்டிய கோட்டை வரைந்த பிளான், அவர் அப்படிச் சொன்னார் என்பதற்குத்தான் சாட்சி. இரண்டு பிளான்களிலும் அடியில் உள்ள குறிப்பைப் படியுங்கள். எல்லையைக் காட்டியவர் யார், எந்தப் பழைய பிளானைப் பின்பற்றி அளந்தது, அயலார் வந்திருந்தார்களா என்ற மூன்றும் அங்கே இருக்க வேண்டும். மருமகனின் பிளானில் எல்லையைக் காட்டியவர் அவரே என்று இருந்தால், அதன் பலம் அவ்வளவுதான். உங்கள் பிளானுக்கும் இதுவே பொருந்தும். அதில் நீங்கள் அறிந்துகொண்டது பழைய வேலி வரைக்கும் உள்ள பரப்பு, அதற்கு மேல் எதுவும் இல்லை.

பெறுமதியுள்ள அளவை வேறு விதமானது. வளவின் மூல உறுதியும், அதற்கு முந்திய பிளான் இருந்தால் அதுவும், அயல் வளவுகளின் பிளான்களும் அளவையாளர் கையில் இருக்க வேண்டும். பழைய பிளானை இன்றைய அளவின்மேல் பொருத்திப் பார்த்து, அதில் உள்ள மாறாத அடையாளங்களிலிருந்து, அதாவது பழைய எல்லைக்கல், கிணறு, கோயில் மதில், வீதிச் சந்தி போன்றவற்றிலிருந்து, கோட்டை மீட்டெடுக்க வேண்டும். 66 அடிச் சங்கிலியால் அளந்து வரைந்த பிளானுக்கும் இன்றைய கருவியின் அளவுக்கும் சில அங்குல வித்தியாசம் இயல்பு. அதற்காக எவரும் சண்டை போட வேண்டியதில்லை. மூன்றரை அடி அந்த வகையில் சேராது. எங்கள் கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளி தென்னைகளையும் வேலிகளையும் சாய்த்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்த இடங்களில் கிணற்றுக் கட்டு, எல்லைக்கல், பெட்டியில் இருந்த உறுதி எல்லாம் போயின. கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை, கடலுக்கு அண்டிய வளவுகள் பலவற்றில் இன்று நிற்கும் வேலி நினைவை வைத்துப் போட்ட வேலி. அத்தகைய இடத்தில் கடற்கரைப் பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்கக் கூடாது. அழியாமல் மிஞ்சிய உட்புறத்து வீதி, கட்டடம் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆவணங்களைத் தேடும் வழி இது. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் மூலப்படி உங்களுக்கும், இரண்டாம் பிரதி காணிப் பதிவாளருக்கும் போகிறது. நொத்தாரிசிடமும் ஒரு படி தங்குகிறது. ஆகவே உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்ததாகாது. மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதி, அக்காவின் 1994 உறுதி, அவர் மகளுக்கு எழுதிய உறுதி, தாயாருக்குக் காணி வந்த உறுதி நான்குக்கும் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். அக்கா மகளுக்கு எழுதியபோது எல்லை வர்ணனை மாற்றப்பட்டதா என்று ஒப்பிடுங்கள்; தனக்கு இல்லாததை எவரும் மகளுக்குக் கொடுக்க முடியாது, ஆகையால் 1994 உறுதியைத் தாண்டி அதில் எழுதப்பட்ட எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. தாயாரின் காணி ஒரு காலத்தில் அரசாங்க அளவையில் வந்திருந்தால் மாவட்ட நில அளவை அலுவலகத்தில் அதன் பிளான் கிடைக்கலாம்.

‘பத்து வருடம் வேலி நின்றால் காணி நமக்குத்தானே’ என்று ஊரில் சொல்வார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வது அவ்வளவு எளிதல்ல. பத்து வருடம் இடையூறின்றி, தொடர்ச்சியாக, மற்றவரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக ஆண்டிருக்க வேண்டும். அனுமதியுடன் இருந்த காலம் எவ்வளவு நீண்டாலும் சேராது. உங்கள் விஷயத்தில், பிரிவுபட்ட இரண்டு வளவுகளாக உறுதி இருக்குமானால், இரு வீட்டாரும் ஒரே வேலியை எல்லையாக ஏற்று 25 வருடத்துக்கு மேல் ஆண்டது உங்களுக்கு நல்ல பலம். அதை மாற்ற வேண்டும் என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். போர்க்காலத்தில் காணியை விட்டு இடம்பெயர்ந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது; ஆனால் அதற்கு வழக்குத் தொடரக் குறுகிய கால எல்லையே விதிக்கப்பட்டிருந்தது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து இதே கேள்வியைக் கேட்பவர்கள் அந்தச் சட்டத்தை நம்பியிருக்கும் முன் சட்டத்தரணியிடம் தங்கள் நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரச காணிமீது பத்து வருட ஆட்சி எவருக்கும் உரிமை தராது.

அத்திவார வேலை நின்றவுடன் நான் உங்களுக்குச் சொல்லும் வழி ஒன்றே. இரு வீட்டாரும் சேர்ந்து ஓர் அளவையாளரைத் தெரிவு செய்யுங்கள். ஏற்கெனவே அளந்த இருவரும் வேண்டாம், மூன்றாமவர் ஒருவர். கூலியைச் சரிபாதியாகக் கொடுங்கள். கூலி கொடுத்தவரின் பக்கம் கோடு சாயும் என்ற சந்தேகம் அதோடு தீரும். அளக்கும் முன்னரே ஒரு கடிதத்தில் இருவரும் ஒப்பமிட்டு, எதை அளக்க வேண்டும் என்று அவரிடம் எழுதிக் கேளுங்கள். தாயாரின் ஒரு ரூட்டின் வெளி எல்லை நான்கையும் முதலில் நிலைநிறுத்த வேண்டும். வீதிக்குப் போன நிலத்தைத் தனித் துண்டாகக் காட்ட வேண்டும். பழைய வேலியின் தடயத்தை ஒரு கோடாகவும், மிஞ்சிய பரப்பின் சரிபாதியை இன்னொரு கோடாகவும் குறிக்க வேண்டும். நீங்கள் தந்த அளவுகளின்படி இந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் இரண்டு அங்குலமும் வராது என்று நினைக்கிறேன். அதைப் பிளானில் கண்ணால் கண்ட பின்னர் மருமகன் மூன்றரை அடி கேட்பது கடினம். அளக்கும் நாளில் வடக்கு எல்லைக்காரரையும் மேற்கு எல்லைக்காரரையும் அழையுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் தெரிவியுங்கள். அக்கா கட்டாயம் நிற்க வேண்டும். தாயார் கைகாட்டியபோது பக்கத்தில் நின்றவர் உயிரோடிருப்பவர்களில் அவரும் நீங்களும்தான்.

இதற்கு மருமகன் வராவிட்டால் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகளுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட சபைகளை அமைக்க 2003 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்திருக்கிறது. சபை எவரையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் ஊரறிந்த மூவர் முன்னால் அந்த 18.7 ஐயும் 18.6 ஐயும் அருகருகே வைத்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழை வைத்திருங்கள், வழக்குக்குத் தேவைப்படலாம்.

மாவட்ட நீதிமன்றம் கடைசி வழி. எல்லை ஒரு காலத்தில் தெளிவாக இருந்து பின்னர் அழிக்கப்பட்டது என்ற அடிப்படையில் எல்லையை நிர்ணயிக்கக் கேட்கும் வழக்கும், மூன்றரை அடியின் உரிமையைக் கேட்கும் வழக்கும் வேறு வேறானவை. இரண்டாவதில் உரிமையை நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் மேல் வரும். முதலாவதில் நீதிமன்றம் ஆணை கொடுத்து அனுப்பும் அளவையாளரின் அறிக்கை பெரும் பங்கு வகிக்கும். எதைத் தொடர்வது என்பதைச் சட்டத்தரணி உங்கள் உறுதியின் சொற்களைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். வழக்கோடு இடைக்காலத் தடையாணையும் கேட்கலாம். 1.4 பேர்ச்சுக்காக இரு வீடுகளும் வருடக்கணக்கில் நீதிமன்றம் போய்வருவதை நான் விரும்பவில்லை. ஆனால் மதில் எழும்பிக்கொண்டிருக்கும்போது தடையாணை கேட்கத் தயங்கவும் வேண்டாம்.

அம்பாறைப் பக்கத்தில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லோயாத் திட்டக் காணிகள் உட்பட, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ வந்த காணிகளுக்கு மேலே சொன்னவற்றில் பல பொருந்தாது. அங்கே துண்டின் எல்லை அரசாங்க அளவையாளரின் பிளானில் உள்ள எல்லை. தனியார் பிளானை வைத்து அதை மாற்ற முடியாது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்தில் கேட்டு, அரசாங்க அளவையாளர் வந்து எல்லையை மீண்டும் காட்டச் செய்ய வேண்டும். வயல் வரம்புத் தகராறுகளில், வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானையாரும் கமக்காரர் அமைப்பும் அறிந்த அளவு வேறெவரும் அறியமாட்டார்கள். வாய்க்கால், வண்டிப் பாதை, சூடு அடிக்கும் களம் ஆகியவற்றில் இடையூறு என்றால் கமநல சேவை நிலையத்தில் முறையிடலாம்.

மீண்டும் உங்கள் வளவுக்கு வருகிறேன். இணக்கம் ஏற்பட்டால் அதை வாய்ப் பேச்சாகவோ, கிராம உத்தியோகத்தர் முன் எழுதிய கடதாசியாகவோ, பொலிஸ் புத்தகத்துச் சமாதானமாகவோ விட்டுவிடாதீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணியில் உரிமையைக் கைமாற்றும் எழுத்து, நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும். புதிய பிளானை இணைத்து, இரு வீட்டாரும் எல்லையை ஏற்று, இரு உறுதிகளின் விஸ்தீரணத்தையும் உண்மையில் உள்ள பேர்ச்சுக்குத் திருத்தி ஓர் உறுதி முடியுங்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் எழுதும் நாளில் அதில் 20 என்று மீண்டும் எழுதினால், இதே தகராறை அடுத்த தலைமுறைக்கும் எழுதிக் கொடுத்ததாகிவிடும். எல்லைக்கல்லை இரு வீட்டாரும் நிற்க அளவையாளர் நடட்டும். அதை அசைப்பது குற்றம் என்பதையும் அப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மருமகன் மதில் கட்ட விரும்பினால் கட்டட்டும், ஆனால் அத்திவாரத்தின் அகலமும் மதிலின் தொப்பியும் கோட்டுக்கு அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். செலவை இருவரும் பகிர்ந்து நடுக்கோட்டில் கட்டுவதானால் அதையும் அதே உறுதியில் எழுத வேண்டும். உறுதி முடிந்த பின்னர், நொத்தாரிசு அனுப்பினாரா என்று கேட்பதோடு நில்லாமல், காணிப் பதிவகத்தில் இரண்டு வளவுகளின் பதிவிலும் அது ஏறியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்த்து, பதிவின் பிரதி ஒன்றை எடுத்து வந்து பழைய உறுதியோடு சேர்த்து வையுங்கள்.